திரையில்லாத டேப்லெட்

இது எனக்கு நடந்ததில்லை, முப்பிடாதிக்கு நடந்தது. சென்னையில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் அவளும் நானும் ஒரே அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். பிறகு நான் கேட்டுக் கேட்டு மறுபடியும் சொல்ல வைத்தேன். அது நடந்த கடையில் நான் இல்லை. அவளுடைய மதினியோடு போனில் பேசியதோடு சரி, முகம் பார்த்ததில்லை. ஒருத்தி தலைக்குள் ஓடியதை இன்னொருத்தி எழுதலாமா என்று எனக்கு உறுத்தலாக இருந்தது, அவளிடமே கேட்டேன். "எழுது, ஆனா என்னய ரொம்ப தைரியசாலியா காட்டிராத" என்றாள். அப்படிக் காட்டாமல் இருக்க முயல்கிறேன். இந்த இடம் மறந்துவிட்டது என்று அவள் சொன்ன இடங்களில் நானாக எதையும் இட்டு நிரப்பவில்லை.

சனிக்கிழமை மதியம், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது முப்பிடாதிக்கு முதலில் தோன்றியது செருப்பைக் கழற்ற வேண்டுமா என்பதுதான், தரை அவ்வளவு வெள்ளையாக இருந்தது. அண்ணன் மனைவி, அவளுடைய மதினி, செருப்போடு உள்ளே போய்விட்டாள், அதனால் இவளும் போனாள். உள்ளே ஏசிக் குளிர். முதுகு வியர்வை ரவிக்கையோடு அப்படியே ஒட்டி நின்றது. இப்போது யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பேருந்தில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள், கிராபிக்ஸ் டேப்லெட், படம் வரையிறதுக்கு, பேனாவோட வரும்லா அது, ஆனால் கேட்ட உடனே வாயில் வேறு ஏதாவது வந்துவிடும், பென் டிரைவ் என்று சொல்லி அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாலும் ஆச்சரியமில்லை, கல்லூரியில் பீஸ் கட்டும் ஜன்னலில் பெயர் என்ன என்று கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொன்னவள்தானே. ஆனால் இன்று தவறக் கூடாது. இன்று மாலைக்குள் பதில் போட வேண்டும். ஒரு சிறுவர் பதிப்பகத்திலிருந்து வந்த மெயில் போனில் இருந்தது, பார்க்காமலேயே வரிக்கு வரி தெரியும். மினி பஸ்ஸில் தவறி ஏறிவிட்ட ஓர் ஆட்டுக்குட்டியின் கதை, முழுப் புத்தகத்துக்கும் படம். உங்கள் மாதிரிப் படங்கள் பிடித்திருக்கின்றன, நீங்கள் டிஜிட்டலில்தானே வரைகிறீர்கள், அடுக்கடுக்காகப் பிரித்துத் திருத்தும்படி எங்களுக்குக் கோப்பு வேண்டும், சனிக்கிழமை மாலைக்குள் உறுதி செய்துவிடுங்கள். டிஜிட்டலில்தானே. அந்த மாதிரிப் படங்களை அவள் போனில் ஆள்காட்டி விரலால் வரைந்திருந்தாள். விரல் எங்கே வரைகிறதோ அந்த இடத்தை விரலே மறைக்கும், ஆட்டின் கண்ணை வைக்கப் போனால் விரலுக்கு அடியில் கண் எங்கே போய் உட்காருகிறது என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஒரு கண்ணுக்குப் பத்துத் தடவை அழிப்பாள். போனும் டிஜிட்டல்தானே, அப்படியானால் அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது போனை இல்லை என்று அவளுக்குத் தெரியும், அப்படியானால் அது பொய்தான். பொய் இல்லை, பொய்தான், பொய் இல்லை என்று பேருந்து பாளையங்கோட்டையைத் தாண்டும் வரை மனது அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் பதில் போடவில்லை. கையால் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, முடியும் என்றால் முடியும் என்று எழுதலாம். முடியாவிட்டால் முடியாது என்று எழுத வேண்டும், அதை எப்படி எழுதுவது என்பதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்று வந்தவனின் நீலச் சட்டையில் ஜெபசிங் என்று பெயர் தைத்திருந்தது. அவளைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பான். அவள் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள். "தம்பி, இவ என் கொழுந்தியா. படம் வரைவா. கம்ப்யூட்டர்ல வரையிற பலகை ஒண்ணு வேணும். நல்லதா, வெல கொறஞ்சதா." "ரெண்டும் ஒண்ணா கெடைக்காதேக்கா." "கெடைக்கும். நானும் ஜங்ஷன்ல துணிக்கடையில நிக்கிறவதான் கேட்டியா. மொதல்ல எடுத்துப் போடுத சேலை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவதா காட்டணும்னு வச்சிருப்பல்லா, அத மொதல்லயே காட்டிரு." ஜெபசிங் சிரித்தான், ஆனாலும் முதலில் காட்ட வேண்டியதைத்தான் முதலில் காட்டினான். கண்ணாடி போலத் திரை உள்ள டேப்லெட். "பேப்பர்ல வரையிற மாதிரியே மேடம். பேனா எங்க இருக்கோ கோடு அங்கயே வரும். போட்டுப் பாருங்க." முப்பிடாதி பேனாவை வாங்கி ஒரே ஒரு கோடு போட்டாள், ஆட்டுக்குட்டியின் முதுகு. கழுத்திலிருந்து இறங்கி, நடுவில் லேசாகத் தொய்ந்து, வாலுக்கு முன்னால் மேலே ஏறும் கோடு. எங்கே நினைத்தாளோ அங்கே வந்தது. அழுத்தினால் தடித்தது, விட்டால் மெலிந்தது. இரண்டாவது கோடு போடாமல் பேனாவை வைத்துவிட்டாள். போட்டால் கை இதற்குப் பழகிவிடும். விலைச் சீட்டைப் பார்த்தாள், ஏதாவது ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள், சரியாகத்தான் படித்திருந்தாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. "தவணையில போடலாம் மேடம், மாசம் கொஞ்சந்தான்." "மாசம் கொஞ்சம் மாசம் கொஞ்சம்னு சொல்லித்தான் எங்க வீட்டு பிரிட்ஜு இன்னும் எங்களுக்குச் சொந்தமாகல" என்றாள் மதினி, "அடுத்தத எடு."

அடுத்தது கறுப்பாக, மெல்லிசாக, பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டையில் பாதி அளவுக்கு இருந்தது. அதில் திரை இல்லை. கறுப்புப் பலகைமேல் பேனாவை நகர்த்தினால் கோடு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் விழும். பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது, இதற்குப் பணமும் போதும். ஜெபசிங் ஒயரைச் சொருகிக்கொண்டே, "இதுலயும் எட்டாயிரத்துச் சொச்சம் பிரஷர் லெவல் உண்டு, எவ்வளவு அமுக்குறோமோ அவ்வளவு தடிமன்" என்றான். மதினி திரும்பினாள். "எட்டாயிரம் விதமா அமுக்கவா? அது ஒங்கம்மையாலகூட முடியாதட்டி." முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், அந்தச் சிரிப்போடேயே பேனாவைப் பலகைமேல் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல், "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அதை மட்டும் வாங்கிராதீங்க." கட்டிடக்கலை படிக்கிற மாணவன், அப்பாவோடு வந்திருந்தான், திரையுள்ளதைப் பில் போடச் சொல்லியிருந்தான். "என் கிளாஸ்ல ரெண்டு பேரு வாங்கிட்டு வித்துட்டாங்க. கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். பழகவே ஆறு மாசம் ஆகுமாம்." அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. திமிரோடு சொல்லியிருந்தால் ரோஷம் வந்திருக்கும். ஆறு மாதம். அவளுக்கு இருந்ததோ இந்த மதியம் மட்டும்தான்.

பேனாவைப் பலகைமேல் வைத்தாள். கையைப் பார்த்தாள். கறுப்புமேல் பேனா போகிறது, பின்னால் ஒன்றும் விழவில்லை, கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஒன்றும் வரவில்லையே என்று நிமிர்ந்தால் திரையின் வேறெங்கோ மூலையில் ஒரு கோணல் கோடு. அதைப் பிடிக்கலாம் என்று திரையைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தினால், கை சரியாகப் போகிறதா என்று கண் தானாகக் கீழே இறங்கியது. அவள் பேனாவையும் மவுஸைப் போலவே தூக்கித் தூக்கி இழுத்தாள், ஒவ்வொரு தடவை தூக்கியபோதும் திரையில் அம்பு எங்கோ குதித்தது. ஆட்டுக்குட்டியின் முகத்துக்கு ஒரு வட்டம் போட்டாள், வட்டம் மூடவில்லை, மூடப் போன கோடு வட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. மதினி எட்டிப் பார்த்தாள். "என்னட்டி இது, பலாக்கொட்டைக்குக் கொம்பு மொளைச்ச மாதிரி?" "சும்மா இருங்க மதினி." "நான் சும்மாதான் இருக்கேன். ஆடுதான் சும்மா இருக்க மாட்டேங்கு." மாணவன் சிரிக்கவில்லை, போனைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி போட்டாள். மறுபடி பலாக்கொட்டை. குனிகிறாள், நிமிர்கிறாள், குனிகிறாள். கழுத்து வலித்தது. ஜெபசிங், "மெதுவா மேடம், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான், அது மரியாதைக்கா, பார்க்கச் சகிக்காமலா.

இந்த இடத்தில்தான், முடியாது என்கிற அந்தப் பதிலை அவள் மனதுக்குள் எழுதத் தொடங்கினாள். மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, தங்கள் அன்புக்கு நன்றி, நான் டிஜிட்டலில் வரைவதில்லை, போனில் விரலால்தான் வரைகிறேன், இதை முன்பே சொல்லாததற்கு மன்னிக்கவும். அதற்கு அப்புறம் என்ன. அதற்கு அப்புறம் திங்கட்கிழமை, டியூஷன், எட்டாம் வகுப்புக் கணக்கு. வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அண்ணன் பத்தோடு நிறுத்திக்கொண்டு லோடு வேன் ஓட்டப் போனது இவள் படிக்கத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாததால் அது வீட்டில் எல்லா இடத்திலும் இருந்தது, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில். பி.காம் முடித்தாயிற்று, குரூப் ஃபோர் எழுதியாயிற்று, மறுபடி எழுதியாயிற்று. படம் வரைவதை ஒரு வேலை என்று வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. மதினியிடம் மட்டும்தான் மெயிலைக் காட்டினாள். மதினி முழுதும் படித்துவிட்டு, "ஆட்டுக்குட்டி டிக்கெட் எடுத்துச்சா இல்லையா?" என்று கேட்டாள், பிறகு லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பிவிட்டாள். துணிக்கடையில் சனிக்கிழமை லீவு கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை, சூப்பர்வைசர் என்ன சொல்லியிருப்பான், சம்பளத்தில் பிடிப்பான், இதெல்லாம் இந்தப் பலாக்கொட்டைக்காகவா. கை குளிர்ந்து போயிருந்தது. பயந்தால் அவளுக்கு முதலில் குளிர்வது வலது கையின் சுண்டுவிரல். அதை முழங்காலில் தேய்த்துக்கொண்டாள். இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை, எழுந்துவிட்டால் முடிந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது, அதனால் எழவில்லை.

மதினி பில் போடும் மேசைக்குப் போய்விட்டாள், அங்கே யாரிடமோ, "போன மாசம் வாங்கினவனுக்கு என்ன வெலைக்குக் குடுத்திய, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று ஆரம்பித்திருந்தாள். மாணவனின் பில் ஓடத் தொடங்கியது. பழைய காலத்துப் பிரிண்டர், ஊசி ஊசியாகக் குத்தி அடிக்கிற ரகம், கரகரவென்று ஒரு வரி, நிறுத்தம், கரகரவென்று அடுத்த வரி. முப்பிடாதி சும்மா கோடு போட்டாள். ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டாள், அது வராது. மினி பஸ்ஸுக்குக் கீழே ரோடு வேண்டும்லா, ரோட்டுக்கு நிழல் வேண்டும்லா, அதற்குச் சின்னச் சின்னதாக, இடமிருந்து வலமாக, ஒரே அளவில், டக் டக் டக் என்று கோடுகள். பிரிண்டர் ஒரு வரி அடித்தது, அவளும் ஒரு வரி போட்டாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மனது எங்கேயும் இல்லை என்று சொன்னாள், அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று நான் மூன்று தடவை கேட்டும் ஒன்றும் நினைக்கவில்லை என்றாள். கோடுகள் திரையின் வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அப்போது அவளுடைய இடது கை, யாரும் சொல்லாமல், மேசையிலிருந்து எழுந்து, முகத்து உயரத்துக்குப் போய், அங்கே இல்லாத எதையோ பிடித்து, வேகமாக வலது பக்கம் தள்ளியது. திரைக்கு இடது பக்கம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த மவுஸ் பெட்டிகள் அவ்வளவும் சரிந்து தரையெல்லாம் ஓடின.

கடை திரும்பிப் பார்த்தது. மதினி பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "ஏட்டி, என்ன செய்த? ஈ வெரட்டுதியா?" என்றாள். "தெரியல மதினி." "தெரியாமலா இந்த வீசு வீசுவ?" ஜெபசிங் ஓடி வந்தான். "பரவால்ல மேடம், எல்லாம் காலிப் பெட்டிதான், ஷோவுக்கு வச்சது." முப்பிடாதி முழங்காலிட்டுப் பெட்டிகளைப் பொறுக்கினாள், காது சுட்டது, தரையை விட்டு எழவே வேண்டாம் போல இருந்தது. ஒரு பெட்டி மேசைக்கு அடியில் போயிருந்தது, அதை எடுக்க இடது கையை நீட்டியவள் அந்தக் கையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இந்தக் கை எதைத் தள்ளியது. இது எதைத் தள்ளும் கை. அம்பாசமுத்திரத்தில் மாடியில் ஒரு டைப் இன்ஸ்டிடியூட், வரிசையாக மிஷின்கள், எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் அடிக்கிற கரகரப்பு, வரி முடிந்ததும் இடது கை லீவரைப் பிடித்து உருளையைத் தள்ளும், டக், அடுத்த வரி. லோயர் பரீட்சை, அப்புறம் ஹையர். டிகிரி இருந்தால் டைப்பும் இருக்க வேண்டும், குரூப் ஃபோருக்கு ஆகும் என்று அண்ணன்தான் சேர்த்துவிட்டான். அது எதற்கும் ஆகவில்லை. எங்கேயும் யாரும் அவளிடம் டைப் அடிக்கச் சொன்னதில்லை. இத்தனை வருடமும் அதை ஒரு வீண் என்று கணக்குப் போட்டுத் தள்ளி வைத்திருந்தாள், கை மட்டும் தள்ளி வைக்கவில்லை போலிருக்கிறது. சிரிப்பாக வந்தது. தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். மதினி, "அடிகிடி பட்டுட்டோ தலையில?" என்றாள். அப்போதுதான் முப்பிடாதிக்கு இன்னொன்று உறைத்தது, மெதுவாக எழுந்து, பயந்து பயந்து திரையைப் பார்த்தாள். ரோடு இருந்தது. வரி வரியாக, ஒரே இடைவெளியில், ஒன்றுகூடக் கோணாமல், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை. இந்தக் கோடுகளைப் போடும்போது அவள் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். டைப் அடிப்பதென்றால் அதுதானே, வேறென்ன. அந்த இன்ஸ்டிடியூட்டில் அவளுக்கு வாய்த்த மிஷினில் கட்டைகள்மேல் எழுத்தே இல்லை, எத்தனையோ பேர் அடித்து அடித்துத் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது, குனிந்தாலும் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. குனிந்து பழகியவள் லோயரில் முதல் தடவை பெயிலானாள், கண் கீழே போய் மேலே வருவதற்குள் பார்த்து அடிக்க வேண்டிய தாளில் வரியைத் தொலைத்து, அடித்த வரியையே மறுபடி அடித்து வைத்தாள். அதற்கப்புறம் குனியவில்லை. இப்போது உடனே உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். குனியக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஆட்டின் முகத்தைப் போட்டாள். பலாக்கொட்டை. அப்படியானால் அது தற்செயலா, நிழல் கோடு யாருக்கும் வருமே, ரோடு போடத் தெரிந்தால் ஆடு போடத் தெரிந்ததாகுமா. இல்லை, பொறு, பொறு. அவளை இப்போது யாராவது டைப் மிஷினில் கே என்ற ஆங்கில எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வராது, யோசித்தால் விரல் குழம்பும், எதிரே ஒரு தாளை வைத்து அடி என்றால் விரல் தானாகப் போகும். தாள் வேண்டும். பார்த்து அடிக்க ஒன்று எதிரே வேண்டும். மனதில் இருக்கும் ஆட்டைப் பார்க்கக் கண் எங்கே போகும், கீழேதான் போகும். எதிரே என்ன இருக்கிறது. எதிரே மதினி இருந்தாள்.

பில் மேசைக்கு முன்னால், இடுப்பில் ஒரு கை, தோளில் பை, ஒரு காலில் பாரம். நாள் முழுக்க நிற்கிறவர்கள் நிற்கிற நிலை அது, ஒரு முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கி ஓய்வெடுக்கும், எத்தனையோ வருடம் பார்த்தும் இதை இதுவரை பார்த்ததில்லை. முப்பிடாதி மதினியைப் பார்த்தாள், கையை மறந்தாள். மூக்கு, அதன் நுனியில் வெளிச்சம். மூக்குத்தி. தாடை, பேரம் பேசும்போது முன்னால் வரும் தாடை. கண் எங்கே போனதோ கை அங்கே போனது, ஓரக்கண்ணில் திரை தெரிந்தது, அதுவும் பிறகு வேண்டியிருக்கவில்லை. தோளிலிருந்து முந்தானை இறங்கும் கோட்டை ஒரே இழுப்பில் போட்டாள், இறங்க இறங்க அழுத்தத்தை விட்டாள், எட்டாயிரத்தில் எத்தனை வகையோ, அத்தனையும் அந்த ஒரு கோட்டில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது துணியாகவே விழுந்தது. பையின் வார். செருப்புக்குள் விரல்கள். மடங்கிய முழங்காலுக்கு இரண்டே கோடு. சுண்டுவிரல் இப்போது குளிரவில்லை. பயம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தாள், பழக்கம், எப்போதும் இருப்பது இல்லாமல் போனால் தேடத்தானே தோன்றும், அது ஒரு மூலையில் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். வேகம் வந்துவிட்டது. ஹையர் பரீட்சையில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே தாளை முடித்துவிட்டு, சுற்றிலும் எல்லோரும் அடித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, டைப்பில் ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்வது. அதே சுகம் இப்போது கழுத்துக்குப் பின்னால் இதமாகப் பரவியது. கண்ணுக்கு ஒரு புள்ளி. போனில் விரலால் பத்துத் தடவை அழித்த கண். ஒரே தடவை வைத்தாள். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"அக்கா" என்றான் மாணவன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தான். "நீங்க திரையவே பாக்கல." "பாத்தேன், கொஞ்சமா." "முன்னாடியே பழகியிருக்கீங்களா?" பொய் சொல்லக் கூடாது என்பது அவளுக்குப் பெரிய கவலை, அதனால் யோசித்துத்தான் சொன்னாள். "வரைய இல்ல. டைப் படிச்சிருக்கேன்." அவனுக்குப் புரியவில்லை. ஜெபசிங்குக்குப் புரிந்தது, அவன் சட்டென்று தன் கையைப் பார்த்துக்கொண்டான், அவனும் எங்கோ ஒரு மாடியில் மிஷின் அடித்தவன்தான் போலிருக்கிறது. "நான் லோயர்லயே நின்னுட்டேன் மேடம்" என்றான். மதினி வந்தாள், கையில் கால்குலேட்டரோடு வந்தாள், அதைப் பில் மேசையிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். திரையைப் பார்த்தாள். கால்குலேட்டரை மேசைமேல் வைத்தாள். "இது நானாட்டி?" "ஆமா மதினி." "மூக்கு இப்படியா இருக்கு?" "இப்படித்தான் இருக்கு." "ஒங்க அண்ணன் ஒருநாளும் சொல்லலயே" என்றவள் குனிந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மடங்கிய அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள், குரல் கடைக் குரலாக மாறியது. "தம்பி, இந்தக் கறுப்பத்தான் எடுக்கோம். கோடு போடுறப்ப கைக்கு மாட்டுத ஒறை ஒண்ணு கண்ணாடிக்குள்ள தொங்குதுல்லா, அதச் சும்மா குடுத்துரு." "அது தனி அயிட்டம்க்கா." "என் படம் ஒன் கடைத் திரையில நிக்கி. அதுக்கு வாடகை யாரு தருவா?" ஜெபசிங் கையுறையை எடுத்து வந்தான். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான், முப்பிடாதி மதினியைப் பார்த்தாள், மதினி, "வச்சுக்கோ, ஆனா பேரு போட்டு வை, வரைஞ்சவ பேரு" என்றாள். முப்பிடாதி பேனாவை எடுத்து, படத்துக்குக் கீழே, திரையையும் பார்க்காமல் கையையும் பார்க்காமல், மதினியைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

பதிலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே போட்டாள். மதியம் முழுக்கத் தலைக்குள் எழுதி வைத்திருந்த நீளமான மன்னிப்புக் கடிதத்தில் ஒரு சொல்கூட அதில் இல்லை. வணக்கம், டிஜிட்டலில்தான் வரைகிறேன், திங்கட்கிழமை தொடங்குகிறேன், முப்பிடாதி. அனுப்புவதற்கு முன்னால் அதை மறுபடி படித்துப் பார்த்தாள், ஒவ்வொரு சொல்லும் உண்மையா என்று. உண்மைதான். அந்தப் பொய் இல்லை, பொய்தான், பொய் இல்லை என்கிற சுற்று எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. மதினி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் யார் முழங்கையும் பலகைமேல் படாமல், "தள்ளுங்க, தள்ளுங்க, உள்ள கண்ணாடி இருக்கு" என்று கத்திக்கொண்டே முன்னால் ஏறினாள். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. அந்தப் பொய்யை முப்பிடாதி திருத்தவில்லை.

புத்தகம் வந்துவிட்டது, ஒரு பிரதி எங்கள் அறையில் இருக்கிறது. அதில் நான் சரிபார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இடது கை தானாக எழுந்து பெட்டிகளைத் தள்ளியது என்பதை நான் முழுதாக நம்பவில்லை, கதை நன்றாக இருக்கட்டும் என்று அவள் சேர்த்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனபோது, அவளிடம் சொல்லாமல் வண்ணார்பேட்டைக்குப் போனேன். நீலச் சட்டை, ஜெபசிங். நான் யார் என்று சொல்லவில்லை, படம் வரைய ஒரு டேப்லெட் வேண்டும், விலை குறைந்ததாக, என்று மட்டும் சொன்னேன். அவன் எதையும் எடுத்துக் காட்டவில்லை. "டைப் முடிச்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டான். லோயர் முடித்திருக்கிறேன் என்றேன். "அது போதும்" என்று சொல்லி, திரைக்கு இடது பக்கம் அடுக்கியிருந்த மவுஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கறுப்புப் பலகையை என் முன்னால் நகர்த்தினான்.